பதினோரு சிவப்புப் புள்ளிகள்

ஒரு விடுகதை சொல்கிறேன், விடை தெரிகிறதா பாருங்கள். கூரைக்குள் குறுக்காகப் படுத்திருப்பான், பதிமூன்று வயதாகியும் எழுந்திருக்க மாட்டான், கூரையைத் திறந்து தங்கச் சங்கிலி மாட்டி இழுத்தாலும் மாதத்துக்கு அரை அரிசி அகலம்தான் இறங்குவான், அவன் யார்? எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் வரும்போது கனி என்னிடம் இதைக் கேட்டாள். நான் வௌவால் என்றேன். வௌவாலுக்கு யாராவது தங்கச் சங்கிலி போடுவார்களா அம்மா என்றாள். அப்படியானால் மாப்பிள்ளை என்றேன், ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார், எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது, ஆனால் கனி சிரிக்காமல் என் தோளுக்கு மேலே அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சுகந்தியைப் பார்த்தாள், சுகந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள், அப்போதுதான் இது இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய விடுகதை என்று புரிந்தது. எப்போது கட்டினார்கள்? எங்கே உட்கார்ந்து? “அண்ணி, உங்க பொண்ணு வாய்க்குள்ளதான் இருக்கான்” என்றாள் சுகந்தி. கோரைப்பல்! கனி கையைத் தட்டினாள். அவள் வாய்க்குள் இருப்பது எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் கோவை ரோட்டில் ஆட்டோ திரும்பி, பல் ஆஸ்பத்திரிப் படியில் ஏறி, டோக்கன் வாங்கி, இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கனியை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் ஆன பிறகும் அது எனக்குள் யாரோ சொன்னது மாதிரியே இருக்கிறது.

உள்ளே எச்சிலை உறிஞ்சும் குழாயின் சத்தம் கேட்கிறது. கதவு முழுசாகச் சாத்தவில்லை, ஒரு சாண் இடைவெளியில் நாற்காலியின் கால்மாட்டில் கனியின் செருப்பில்லாத பாதம் மட்டும் தெரிகிறது, பெருவிரலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறாள், பயந்தால் அப்படித்தான் செய்வாள், பால்வாடிக்குப் போன முதல் நாளும் அப்படித்தான் செய்தாள், இது சுகந்திக்குத் தெரியாது. தெரியுமோ? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஏதோ தள்ளிக்கொண்டிருக்கிறாள், அவளும் அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டாளோ என்னவோ. கண்ணாடி அலமாரியில் மாவுக்கட்டு மாவில் செய்த பற்கள் வரிசையாக வைத்திருக்கிறார்கள். கனியின் அச்சும் அதில் எங்கேயோ இருக்கும். அவளுக்கு மேல் வரிசையில் இரண்டு பக்கமும் கோரைப்பல் வரவேயில்லை. பால்பல்லே நின்றுகொண்டிருந்தது. எனக்கு அது அழகாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன், ஏழாம் வகுப்புப் போகிற பெண் சிரித்தால் மூன்று வயதுக் குழந்தை சிரிக்கிற மாதிரி இருந்தது, போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பொங்கலன்று கனி கரும்பு கடிக்கும்போது சுகந்திதான் சொன்னாள். “அண்ணி, இந்த வயசுக்கு இந்தப் பல்லு விழுந்திருக்கணுமே. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா என்ன?” நான் கரும்புச் சக்கையை முறத்தில் கூட்டிக்கொண்டே, எங்க பக்கம் எல்லாருக்கும் மெதுவாகத்தான் விழும் என்றேன். எங்கள் பக்கம் யாருக்கும் மெதுவாக விழுந்ததில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பற்கள் அண்ணத்துக்குள் படுத்திருந்தன, இடது பக்கத்தது ஓரளவு நிமிர்ந்து, வலது பக்கத்தது அப்படியே குறுக்காக. மார்ச்சில் ஆபரேஷன். ஈற்றைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் எடுத்து, ஒளிந்திருந்த பல்லின் மேல் ஒரு சின்ன வில்லையை ஒட்டி, அதில் நூல் மாதிரி ஒரு தங்கச் சங்கிலி கோத்து, ஈற்றை மறுபடி மூடித் தைத்தார்கள். சங்கிலியின் நுனி மட்டும் வெளியே. அந்த நுனியைக் கிளிப்போடு கட்டி மெல்ல மெல்ல இழுக்கிறார்கள். இழுக்கிற வேலை எங்களுடையது, ஈற்றைக் காப்பாற்றுகிற வேலை உங்களுடையது என்று டாக்டர் நஸ்ரின் அன்றைக்கே சொன்னார். உங்களுடையது என்றால் யாருடையது? அன்றைக்கும் நாங்கள் இரண்டு பேரும்தான் எதிரில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் சொல்லும்போது கண்ணை எங்கள் இருவருக்கும் நடுவில், சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் வைத்துக்கொண்டு சொன்னார்.

சுகந்தி என் கணவரின் தங்கை. இருபத்தொன்பது வயது. மாடி அறையில் இருக்கிறாள், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. அழுகிற குழந்தைக்குக்கூட நரம்பு ஒரே குத்தில் கிடைக்கும், அதனால் சுகந்தி சிஸ்டர் இருக்காங்களா என்று கேட்டுக்கொண்டு வருவார்களாம். இன்றும் அங்கிருந்துதான் நேராக ஆட்டோவில் ஏறிக்கொண்டாள், கையில் ஸ்பிரிட் வாசம். எனக்கு ரத்தம் ஆகாது. கனியைப் பெறும்போது பக்கத்துக் கட்டில்காரிக்கு ஊசி போட்டதைப் பார்த்து மயங்கி விழுந்தவள் நான். என் வேலை துணியில். ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், கனி பிறப்பதற்கு முன்னாலிருந்து. மேஜைமேல் துணி ஓடும், கீழே விளக்கு எரியும், நூல் விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை, சாயம் ஏறாத புள்ளி, எதுவானாலும் என் கண்ணுக்குத் தப்பாது, சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுவேன். சுகந்தியின் மேலும் ஒட்டிப் பார்த்திருக்கிறேன். மனசுக்குள்தான். காலையில் எட்டு மணிக்கு எழுந்திருக்கிறாள், ஓர் அம்பு. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறாள், ஓர் அம்பு. அதற்குமேல் ஒட்ட இடம் கிடைப்பதில்லை. வாங்கினவர்கள் திருப்பி அனுப்ப முடியாத துணி மாதிரி இருக்கிறாள். அவளுக்கு வரன் பார்க்கிறதில் என்னைப்போல ஓடினவர்கள் குடும்பத்தில் யாருமில்லை. ஜாதகத்தை எடுத்துக்கொண்டு தாராபுரம் போனேன், பவானி போனேன், லீவு போட்டுவிட்டுப் போனேன். என் பெயரைச் சொல்லி, பூங்கொடி மாதிரி ஓர் அண்ணி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என் மாமியாரின் தங்கை கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்கச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். பவானி வரன் தட்டிப்போன அன்று சுகந்தி இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, கனியும் அவளும் மாடியில் தாயம் விளையாடினார்கள், சிரிப்புச் சத்தம் கீழே கேட்டது, நான்தான் அடுக்களையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டிவியில் சத்தமில்லாமல் யாரோ ஒருத்தி வெண்டைக்காய் நறுக்குகிறாள். ஆபரேஷன் முடிந்த முதல் ஆறு வாரம் கம்பெனியில் ஷிப்மெண்ட், நான் வீடு வர எட்டரை ஆகும். சுகந்திதான் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் சீக்கிரம் வந்தேன். மாடிக்கதவு திறந்திருந்தது. கனி அவள் மடியில் தலை வைத்து, வாயை ஆவென்று திறந்து படுத்திருந்தாள், சுகந்தி போன் டார்ச்சை மூக்குக் கண்ணாடிக் கூட்டின்மேல் சாய்த்து நிறுத்தி, நகம் அளவிலிருந்த ஒரு பிரஷ்ஷால் சங்கிலியைச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள், பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷை யாரோ பொம்மைக்குச் செய்துகொடுத்த மாதிரி இருந்தது அது. “இன்னும் ஒரே ஒரு மாடிப்படி, கூட்டிட்டு எறங்கிடலாம்” என்கிறாள், பல்லைத்தான் படி என்கிறாள். கனி திறந்த வாயோடு ஏதோ சொல்கிறாள், எனக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை, சுகந்திக்குப் புரிந்து, “போடி கழுதை” என்கிறாள். எச்சிலில் கொஞ்சம் சிவப்பு. சுகந்தி பஞ்சால் ஒற்றிவிட்டுத் தொடர்ந்து தேய்த்தாள். நான் படியில் நின்றேன். என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன், ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, என் வீட்டில் நானே திருடி மாதிரி. கனி என்னிடம் வாயைத் திறக்க மாட்டாள். ஸ்கூலில் என்ன நடந்தது என்றால் ஒன்றுமில்லை, யாரோடு சண்டை என்றால் ஒன்றுமில்லை. அங்கே அவ்வளவு பெரிதாகத் திறந்துவைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், அண்ணம் வரைக்கும் தெரிகிறது. அந்த வாரம் டாக்டரிடம் போனபோது, மெல்லிய கம்பியால் ஈற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ரத்தம் வந்த இடத்தையெல்லாம் அட்டையில் சிவப்புப் புள்ளியாக வைத்தார்கள். மூன்றே புள்ளி. “ரொம்ப நல்லாப் பார்த்துக்கறீங்க” என்றார் டாக்டர், இந்தத் தடவை காலண்டரை அல்ல, சுகந்தியைப் பார்த்து. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், ஷிப்மெண்ட் முடிஞ்சுது சுகந்தி, இனிமே நான் பார்த்துக்கறேன், உனக்கெதுக்குச் சிரமம். சிரமம் இல்லை அண்ணி என்றாள். இல்லை, உனக்கெதுக்கு என்றேன். மூன்றாவது தடவை சொல்லவேண்டி வரவில்லை.

முதல் நாளே ரத்தம் வந்தது. ஒரு சொட்டு. கனியின் கீழுதட்டில் வந்து நின்று, பெரிதாகி, வழிந்தது. தையல் போட்ட இடமல்லவா, புண்ணல்லவா, புண்ணை யாராவது தேய்ப்பார்களா? சட்டைப் பொத்தான் அறுந்த இடத்தில் துணி கிழிந்திருந்தால் அதைப் பிடித்து இழுப்போமா? வேண்டாம் கண்ணு, அந்த இடத்தை மட்டும் விட்டுரு, ஆறட்டும் என்றேன். மற்றப் பற்களையெல்லாம் பளபளவென்று தேய்த்தேன். அந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் மட்டும். நான் மென்மையாக இருந்தேன். அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஒருநாள்கூட அவளுக்கு வலிக்கவிடவில்லை. நாலாம் நாள் சுகந்தி படியில் நின்று சொன்னாள். “அண்ணி, ரத்தம் வந்தாலும் தேய்க்கணும். தேய்க்காததாலதான் ரத்தமே வருது. அழுக்கு உள்ள உட்கார்ந்துக்கும்.” எனக்குத் தெரியும் என்றேன். தெரியாது. சொன்ன நொடியில் தெரிந்துவிட்டது, அவள் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது, வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே பிரஷ்ஷை எடுத்திருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தால், ரேடியோவில் சொல்லியிருந்தால். சொன்னது சுகந்தி. அவள் சொன்னபடி செய்தால் கனி கேட்பாள், ஏம்மா இன்னைக்கு அங்கயும் தேய்க்கிறீங்க, அத்தை சொன்னாங்களா என்று. அதனால் செய்யவில்லை. எழுதிக் காட்டினால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், சங்கிலியைச் சுற்றி ஈறு நாளுக்கு நாள் வீங்கி, தக்காளித் தோல் மாதிரி மினுங்கி, நான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அணைப்பேன், உப்புத் தண்ணீர் கொண்டுவருவேன். அடுத்த தடவை பதினோரு புள்ளி. என்ன மாத்தினீங்க என்று டாக்டர் கேட்டார். ஒண்ணும் மாத்தலைங்க என்றேன். அதற்குமேல் அவர் நிறைய விளக்கினார், வீங்கின ஈற்றில் இழுத்தால் எலும்பு கரையும், பல் இறங்கும்போது ஈறு மேலே ஏறிவிடும், வேர் வெளியே தெரியும், அப்புறம் அந்தப் பல்லையே எடுக்கவேண்டி வரலாம் என்று. கேட்டது காதுதான். என் கண் அட்டையில் இருந்தது. பதினோரு இடத்தில் யாரோ எனக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். மூன்று வாரம் டயம் தர்றேன் என்றார். அந்த மூன்று வாரம்தான் இன்றோடு முடிகிறது. அந்த மூன்று வாரமும் நான் அந்த இடத்தைத் தொடவில்லை.

உள்ளே டாக்டர் சொல்கிறார், சிஸ்டர் எழுதுகிறார். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நம்பர் வைத்திருக்கிறார்கள். “பதினொண்ணு, நல்லாருக்கு. பன்னெண்டு, உள்பக்கம் ரத்தம். பதிமூணு, உள்பக்கம் ரத்தம், நடுவுலயும் ரத்தம்.” ரத்தம் என்கிற ஒவ்வொன்றையும் நான் விரல் கணுக்களில் எண்ணுகிறேன். ஒன்பது வரை எண்ணினேன், வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி போனது, விட்டுப்போயிற்று. பதினாலா, பதினஞ்சா? சுகந்தி போனைத் தள்ளுவதை நிறுத்தியிருக்கிறாள். அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். மடியில் அவள் கட்டைவிரல் எந்தக் கணுவில் நிற்கிறது என்று பார்க்கலாம், பார்க்கவில்லை. இப்போது சாயம் தடவுகிறார்கள், அழுக்குப் படிந்த இடத்திலெல்லாம் பிங்க் நிறம் ஏறும், கண்ணாடியில் அவளுக்கே காட்டுவார்கள். “பாரு கண்ணு, எல்லாப் பல்லும் எவ்ளோ சுத்தமா இருக்கு! இந்த ஒரு எடம் மட்டும் பாரு. இங்க தேய்க்கவே இல்ல போல.” கண்ணாடியைத் தட்டில் வைக்கிற சத்தம். “தேய்க்க வேண்டாம்னு யாராச்சும் சொன்னாங்களா?” பாதம் மட்டும் தெரிகிறது, பெருவிரல் மடங்கி, மடங்கியே நிற்கிறது. சொல்லிவிடு. அம்மாதான் சொன்னாங்க என்று சொல், சுகந்தி கேட்கட்டும், அவள் ஏற்கெனவே அறிந்ததைக் கேட்கட்டும். கனி சொல்கிறாள்: “யாரும் சொல்லலைங்க. நானேதான் வலிக்குமேன்னு விட்டுட்டேன்.” தெளிவாக, ஸ்கூலில் பதில் சொல்கிற குரலில். அப்படி ஒரு பொய்யை எங்கே கற்றாள்? எனக்காகச் சொல்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறாள். ஒரு நொடி, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு ஆனந்தமாக இருந்தது, சுகந்திக்காக அவள் எந்த நாளாவது பொய் சொல்லியிருப்பாளா என்று தோன்றியது. அடுத்த நொடி அது போய்விட்டது. பதிமூன்று வயதில் என்னை ஒரு புண் மாதிரி பார்த்துக்கொள்கிறாள். தொட்டால் வலிக்கும் என்று சுற்றிப் போகிறாள். நான் அவளிடம் செய்ததையே.

“இன்னைக்கு இழுக்கப்போறதில்ல” என்கிறார் டாக்டர். “ஈறு அடங்கட்டும். சிஸ்டர், வெளிய யார் இருக்காங்க?” சிஸ்டர் கதவை முழுசாகத் திறந்து, “வீட்ல தினம் பார்த்துக்கறவங்க ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க, டாக்டர் சொல்லித்தரணுமாம்” என்றார். நான் எழுந்தேன். சுகந்தியும் பாதி எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். “நீங்க போங்க அண்ணி.” விட்டுக்கொடுத்தாள். அவள் விட்டுக்கொடுத்துத்தான் நான் என் மகளிடம் போகவேண்டும். கதவுவரை போனேன். கனியின் வாய் முழுக்கப் பிங்க், வெற்றிலை போட்ட மாதிரி, மார்பில் பச்சைத் துணி. “டாக்டர், அவ சொல்றது பொய்ங்க. நான்தான் சொன்னேன். ரத்தம் வருதேன்னு, அந்த எடத்தைத் தொடாதேன்னு. இவங்க அத்தை சொல்லியும் நான் கேக்கலைங்க.” குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, ஆனால் வார்த்தை ஒன்றும் தடுமாறவில்லை. நேர்மை என்று நினைக்காதீர்கள். கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருந்த நாலடியில் கணக்குப் போட்டுவிட்டேன், தப்பு செய்தவளுக்குத்தான் முதலில் சொல்லித்தருவார்கள், ஒப்புக்கொண்டால் பிரஷ் என் கையில்தான் வரும். அதுவும் இருந்தது. கனியின் பொய் அவள் தலைமேல் நிற்கக்கூடாது என்பதும் இருந்தது. எது முதலில் வந்தது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியவில்லை. டாக்டர் திட்டவில்லை. “நிறைய அம்மாக்கள் செய்றதுதான்” என்றார். “ரத்தம் வந்தா பயந்து விட்டுடுவாங்க. அப்ப நீங்கதாங்க கத்துக்கணும், வாங்க.” நான் ஓர் அடி வைத்தேன். அவர் அந்தச் சின்னப் பிரஷ்ஷை உறையிலிருந்து எடுத்தார், பிறகு கையை நிறுத்தி, கனியைக் குனிந்து பார்த்தார். “ஒரு மாசம் தினம் ரெண்டு வேளை வாயைத் திறக்கப்போறது நீதான். உன்னையே கேக்கறேன். யார் பண்ணா உனக்குச் சரியா இருக்கும்? அம்மாவா, வெளிய இருக்கற அத்தையா?” இல்லைங்க, குழந்தையைப் போய் என்று நான் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். கனி என்னைப் பார்த்தாள். நன்றாக, நேராக, நான் துணியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கோபம் இல்லை. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் பின்னால் இரும்பு நாற்காலி கிறீச்சிட்டது.

கனி, “அத்தை” என்றாள். நான் வெளியே வந்தேன், சுகந்தி உள்ளே போனாள். சிஸ்டர் கதவைச் சாத்தினார்.